போர்வை தைக்கும் மிஷினுக்கு டைமிங் அவ்வளவு சீக்கிரம் போகாது

ரவிக்கை, பாவாடை, தலையணை உறை என்று தைக்கிற வரைக்கும் முணுமுணுக்காத மிஷின், நாலு பழைய புடவையை அடுக்கி நடுவில் பஞ்சு வைத்துப் போர்வை தைக்க உட்கார்ந்த அன்றைக்குத் தகராறைத் தொடங்கும். தையல் விட்டு விட்டு விழும். அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேரும். ஊசி பட்டென்று முறியும். "டைமிங் போயிடுச்சு" என்று பக்கத்தில் யாராவது சொல்லுவார்கள். ஊசியும், அடியில் அதன் நூலைப் பிடிக்கும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தவறிவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டு ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பினால், அதற்கப்புறம் நிஜமாகவே டைமிங் போய்விடும்.

இங்கே எழுதுவது வீடுகளில் இருக்கும் கறுப்பு இரும்புத் தலை, நேர்த்தையல் மட்டும் போடும் மிஷினைப் பற்றி. காலால் மிதிப்பதாக இருக்கலாம், கையால் சுற்றுவதாக இருக்கலாம், சின்ன மோட்டார் மாட்டியதாக இருக்கலாம், தலை ஒன்றுதான். சிங்கர் 1879இல் கொண்டுவந்த 15ஆம் வகுப்பு அமைப்பின் வாரிசு இது. கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் 1930களில் தொடங்கிய உஷா வரிசையின் கறுப்புத் தலைகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து பல பெயர்களில் வந்தவையும் இந்தக் குடும்பம்தான். பாட்டி காலத்துத் தலைக்கு இன்றைக்குக் கடையில் வாங்கும் பாபினும் (அடி நூல் சுற்றும் உருளை) பாபின் கேஸும் (அதை வைக்கும் கூடு) பொருந்துவது அதனால்தான். போர்வைக்கு இதைவிட நல்ல வீட்டு மிஷின் கிடைப்பது கஷ்டம் என்பது என் கட்சி. தலை முழுக்க இரும்பு. ஊசித் தட்டில் ஒரே ஒரு வட்டத் துளை. கோணல் தையல் மிஷின்களின் அகலத் துளையில் துணி உள்ளே அமுங்குவது போல இதில் அமுங்காது.

போர்வைத் தையல் இந்தத் தலைக்குக் கொடுக்கும் தொல்லை இரண்டு: பஞ்சுத் தூசு, தடிமன். ஏறக்குறைய எல்லாக் கோளாறும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

ஊசித் தட்டுக்குக் கீழே

பழைய பருத்திப் புடவை ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் இழை உதிர்க்கும். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு அதைவிட அதிகம் உதிர்க்கும். இந்தத் தூசு காற்றில் பறந்து போவதில்லை. துணியை நகர்த்தும் இரும்புப் பல்லின் வரிசைகளுக்கு நடுவில் விழுகிறது, மேலிருந்து எண்ணெய்ப் பசை கொஞ்சம் சேர்கிறது, பல் ஏறி இறங்கும்போதெல்லாம் அதை இடித்து இடித்து இறுக்குகிறது. ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்று முடிந்தபின் ஊசித் தட்டின் இரண்டு திருகையும் கழற்றித் தூக்கிப் பாருங்கள். பல் வரிசைகளின் இடைவெளியில் சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை இருக்கும். விரலால் எடுக்க வராது. குண்டூசி முனையால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் முழுப் பட்டையாக உரிந்து வரும். பல் சரியாக இறங்காமல் துணி இழுபடுவதற்கும், பல் முழு உயரத்துக்கு எழும்பாமல் தையல் சின்னதாக விழுவதற்கும் இந்தப் பட்டைதான் காரணம். மெக்கானிக் வந்தாலும் முதலில் இதைத்தான் எடுப்பார்.

ஷட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்வது பயப்படுகிற வேலையே அல்ல. மோட்டார் இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஊசியை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். இடது பக்கத் தகட்டை நகர்த்தி, பாபின் கேஸின் மடக்கைத் தூக்கிப் பிடித்து வெளியே எடுங்கள். உள்ளே வட்ட வளையம் ஒன்று இருக்கும். பெரும்பாலான தலைகளில் இரண்டு பக்கமும் சின்னப் பிடி அதை அழுத்திப் பிடித்திருக்கும், சிலவற்றில் இரண்டு திருகு. பிடிகளை வெளிப்பக்கம் தள்ளினால் வளையம் கையில் வரும். அதன் பின்னால் நடுக்குச்சியோடு இருப்பதுதான் ஷட்டில். குச்சியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஷட்டில் ஓடும் பள்ளத்தை மெல்லிய துணியால் துடைத்து, மூலையில் சுருண்டு கிடக்கும் நூல் துணுக்குகளை இடுக்கியால் பொறுக்குங்கள். ஒரு துணுக்கு பள்ளத்தில் சிக்கினாலே சக்கரம் கல்லாக இறுகிவிடும்.

திரும்ப மாட்டும்போது ஷட்டிலின் பிறை, உள்ளே அதைத் தள்ளும் பிறையோடு சேர்ந்து முழு வட்டமாக வர வேண்டும். வட்டம் வரவில்லை என்றால் சக்கரத்தைக் கொஞ்சம் ஆட்டுங்கள், தானே உட்காரும். வளையத்தின் சின்ன முளை அதற்கான வெட்டில் விழுந்ததா என்று பார்த்துவிட்டுப் பிடிகளை மூடுங்கள். பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இந்த வேலை முழுக்கப் பத்து நிமிடம். போர்வை தைக்கும் நாட்களில் மூன்று நான்கு பாபின் தீர்ந்ததும் ஒரு தடவை தூரிகையால் தட்டினால் போதும். ஷட்டிலைக் கழற்றுவது ஒரு போர்வைக்கு ஒரு தரம். வாயால் ஊதாதீர்கள், காற்றழுத்த டப்பாவும் வேண்டாம். தூசு வெளியே வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே போகும். ஊதுகிற மூச்சில் ஈரமும் சேரும்.

எண்ணெய்

தையல் மிஷின் எண்ணெய் என்று விற்கும் வெள்ளை எண்ணெய் மட்டும். அது சுத்தமான கனிம எண்ணெய், காய்ந்து பிசினாகாது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் அன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டும். மார்கழி விடியற்காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காயெண்ணெய், மிஷினுக்குள் மட்டும் உருகியா இருக்கும்? உறைந்து உருகிப் பழுப்பேறிக் கடைசியில் அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயை எண்ணெய் என்று நினைத்து அடிப்பதும் இதே ரகத் தப்பு. அது பழைய பிசுக்கை இளக்கும், ஆனால் உராயும் இடத்தில் நிற்காமல் காய்ந்துவிடும்.

எங்கெங்கே விட வேண்டும் என்பதற்குத் தலையின் மேலுள்ள துளைகள் வழிகாட்டும். துளை இல்லாத இடத்துக்கு ஒரு விதி: சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் உராய்கிறதோ அங்கெல்லாம் ஒரு சொட்டு. இடது முகத் தகட்டைக் கழற்றி ஊசித் தண்டுக்கும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் தண்டுக்கும் விடுங்கள். பெல்ட்டைக் கழற்றித் தலையைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கம் எல்லா மூட்டிலும் விடுங்கள்; பல்லை நகர்த்தும் தண்டுகள் அங்கேதான் இருக்கின்றன. பலரும் மேலே நிறைய ஊற்றிவிட்டுக் கீழே தொடுவதே இல்லை. தையல் அளவு லீவரை முழுக்க இறக்கியும் தையல் குட்டையாகவே விழுகிறது என்றால், கீழ்த் தண்டுகள் காய்ந்து பிசுக்கேறி இருக்கலாம். டென்ஷன் தட்டு (மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள்), பெல்ட், பாபின் சுற்றும் ரப்பர் வளையம் ஆகிய மூன்றிலும் எண்ணெய் படவே கூடாது.

எட்டுப் பத்து மணி நேரம் ஓடினால் முழுத் தலைக்கும் ஒரு சுற்று எண்ணெய். ஷட்டில் பள்ளத்துக்கு மட்டும் தைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டு. போட்டபின் ஊசியில் நூலில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி, ஃபுட்டுக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்து இரவு விட்டுவிடுங்கள். காலையில் ஊசித் தண்டைத் துடைத்து, வேண்டாத துணியில் இரண்டு முழம் தைத்துப் பார்த்த பிறகே போர்வையை எடுங்கள். வெளிர் நிறப் போர்வையின் நடுவில் விழுந்த எண்ணெய்ச் சொட்டுக்குப் பரிகாரம் டால்கம் பவுடர் தூவி ஊற விட்டு, பிறகு சோப்பு. முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

பரணில் பல வருஷம் கிடந்து சக்கரம் அசையாத தலையா? மோட்டார் மாட்டியிருந்தால் அதையும் பெல்ட்டையும் கழற்றி ஓரம் வையுங்கள். சன்னலைத் திறந்து, பக்கத்தில் அடுப்பு விளக்கு இல்லாமல், எல்லாத் துளையிலும் மூட்டிலும் மண்ணெண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் விரலளவு ஆட்டுங்கள். அசையவில்லை என்றால் இன்னொரு இரவு. சுத்தியலோ குறடோ வேண்டாம். இரும்பு அசையாமல் இருப்பதற்குக் காரணம் உடைப்பு அல்ல, பிசின். அசைந்ததும் மண்ணெண்ணெய் விட்டபடியே சுற்ற, பழுப்புச் சாறாக வழியும். சாறு வெளுக்கிற வரைக்கும் துடையுங்கள். பிறகு கட்டாயம் எண்ணெய். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்ட அல்ல. தின்னரும் ஸ்பிரிட்டும் தலைப் பக்கமே வரக்கூடாது. கறுப்புப் பூச்சையும் அதன் மேல் இருக்கும் தங்கப் பூவையும் கரைத்துவிடும்.

ஊசி

தையல் விட்டு விட்டு விழுந்தால் முதல் சந்தேகம் ஊசி மேல். காசும் அதற்குத்தான் மிகக் குறைவு. வீட்டு மிஷின் ஊசியின் மேல்பாகம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இந்தக் கறுப்புத் தலையில் தட்டைப் பக்கம் வலப்புறம், அதாவது சக்கரம் இருக்கும் திசை. நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். முன்னால் பாபின் போடும் வெள்ளை மிஷினில் தைத்துப் பழகியவர்கள் தட்டைப் பக்கத்தைப் பின்னால் திருப்பி மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினால் ஒரு தையல்கூட விழாது, மிஷின் செத்துவிட்டதாகவே தோன்றும். ஊசி மேலே முட்டும் வரை ஏறியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் ஷட்டிலின் கொக்கிமுனை நூலைப் பிடிக்காது.

எண் விஷயத்தில், இரண்டு புடவைக்கு நடுவில் மெல்லிய பஞ்சு என்றால் 14. நாலைந்து அடுக்கும் கெட்டிப் பஞ்சும் என்றால் 16. ஜீன்ஸ் துண்டுகளைச் சேர்த்த போர்வைக்கு 18. ஊசியில் கூடவே இருக்கும் 90, 100, 110 என்பது தண்டின் தடிமன். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். ரவிக்கை தைத்த 11ஆம் எண் ஊசியோடு போர்வையில் இறங்கினால் ஊசி வளைந்து கொடுக்கும். வளைகிற ஊசி ஷட்டிலைவிட்டு விலகினால் தையல் தப்பும், ஷட்டில் பக்கம் சாய்ந்தால் முனை இடித்து உடையும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் தட்டைப் பக்கம் படிய வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். முனை மழுங்கியதைக் காதே சொல்லும்: ஒவ்வொரு குத்துக்கும் 'டப் டப்' என்று துணியைக் குத்துகிற சத்தம் வரும்.

ஊசி சரியாக இருந்தும் தையல் தப்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஊசி அடிமட்டத்துக்குப் போய் இரண்டரை மில்லிமீட்டர் அளவு மேலே திரும்பும்போதுதான் நூல் பக்கவாட்டில் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கிறது. ஷட்டில் முனை அந்த வளையத்துக்குள் நுழைந்தால்தான் தையல். பஞ்சு நிறைந்த அடுக்கு ஊசியோடு ஒட்டிக்கொண்டு தானும் மேலே எழும்பினால், வளையம் புடைக்காது. ஃபுட் துணியைத் தட்டோடு தட்டாகப் பிடிக்கிறதா என்று ஊசி மேலேறும் கணத்தில் குனிந்து பாருங்கள். துணி துள்ளினால் ஃபுட் அழுத்தம் போதவில்லை.

அழுத்தத்தை மாற்றுவது ஃபுட் தண்டின் உச்சியில் இருக்கும் திருகு. போர்வைக்கு அதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள், ஏனென்றால் அழுத்தம் அதிகமானால் மேல் துணி முன்னால் தள்ளப்பட்டு ஓரத்தில் சுருக்கமாகக் குவியும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் துணி துள்ளும், பல்லும் பிடிக்காமல் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பஞ்சுக்கும் அது வேறு. அரைச் சுற்று, அரைச் சுற்றாக மாற்றி மாதிரித் துண்டில் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. பல்லையும் பாருங்கள்: உச்சியில் இருக்கும்போது தட்டுக்கு மேல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அதாவது ஒரு பல்லின் முழு உயரம் தெரிய வேண்டும். விரலால் தடவினால் சொரசொரப்பு உறைக்க வேண்டும். வழுவழுவென்றால் பல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் வாக்கிங் ஃபுட் இந்தத் தலைக்கும் கிடைக்கிறது; குட்டைக் கால் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் பக்கவாட்டுக் கவட்டை ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும். கவட்டை கீழே தொங்கினால் அது வெறும் கனமான ஃபுட், அவ்வளவுதான். இந்த ஃபுட் போட்டுத் தைக்கும்போது ஒவ்வொரு குத்திலும் கவட்டை ஊசித் திருகைத் தட்டிக்கொண்டே இருக்கும், திருகு மெல்ல மெல்லத் தளரும், ஒரு நேரத்தில் ஊசி கழன்று தட்டில் விழுந்து உடையும். விரலால் திருகினால் போதாது, சின்ன ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று மிஷினின் தப்பே அல்ல. கால் மிஷினின் பலகை சின்னது. மூன்று கிலோ போர்வை பலகைக்கு வெளியே தொங்கினால் அதன் பாரம் ஊசியைப் பின்னாலும் பக்கத்திலும் இழுக்கும். தையல் ஒரு இடத்தில் நெருங்கும், ஒரு இடத்தில் நீளும், ஊசி முறியும். இடப்பக்கம் ஒரு மேசை, பின்னால் ஒரு மேசை அல்லது நாற்காலி போட்டுப் போர்வையைத் தாங்கச் செய்தாலே பாதி 'ரிப்பேர்' முடிந்துவிடும்.

நூலும் டென்ஷனும்

அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லாரும் பாபின் கேஸைத்தான் திருகுகிறார்கள். தப்பு அங்கே இல்லை. அடியில் தெரியும் கொத்து மேல் நூல். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய மேல் டென்ஷன் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மேலே அடி நூல் எழும்பித் தெரிந்தால்தான் பாபின் பக்கம் போக வேண்டும், அல்லது மேல் டென்ஷன் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.

ஃபுட்டைத் தூக்கும்போது டென்ஷன் தட்டுகள் விலகுகின்றன, இறக்கும்போது இறுகுகின்றன. அதனால் நூல் கோர்க்கும்போது ஃபுட் மேலே இருக்க வேண்டும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் வெளியே தவழும். போர்வைக்கே உரிய தப்பு இதற்கு நேர் எதிர்: அடுக்கு தடிமனாக இருப்பதால் ஃபுட் ஏற்கெனவே துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும், பார்வைக்கு இறங்கினது மாதிரியே தோன்றும், பின்னால் இருக்கும் லீவரை இறக்காமலே மிதித்துவிடுவோம். நாலு அங்குலம் தைத்து திருப்பிப் பார்த்தால் அடியில் பறவைக்கூடு. லீவரைக் கையால் தொட்டு உறுதி செய்துகொள்ளும் பழக்கம் வந்தால் இந்தக் கூடு திரும்ப வராது. தையல் தொடங்கும்போது மேல் நூல், அடி நூல் இரண்டின் வாலையும் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு குத்துப் போடுவதும் அதே மாதிரி கட்டாயம்.

ஃபுட் தூக்கி இருக்கும்போது நூலை இழுத்தால் தாராளமாக வர வேண்டும். இறக்கியபின் இழுத்தால் ஊசி லேசாக வளைகிற அளவு பிடிமானம் வேண்டும். இறக்கியும் தாராளமாக வருகிறது என்றால் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சோ நூல் துணுக்கோ சிக்கியிருக்கிறது. ஃபுட்டைத் தூக்கி, ஒரு துணிப் பட்டையைத் தட்டுகளுக்கு இடையே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். கைத்தையலுக்கு என்று மெழுகு பூசி விற்கும் குயில்டிங் நூலை மிஷினில் ஓட்டினால் அந்த மெழுகு முழுக்க இந்தத் தட்டுகளில்தான் படியும். டென்ஷன் செட்டில் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் நூல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சுருள் ஊசி இறங்கும் நேரத்தில் நூல் தொய்யாமல் பிடித்துக்கொள்வது. அது உடைந்தாலோ நூல் அதைத் தாண்டிப் போனாலோ எந்த எண்ணில் வைத்தாலும் தையல் உட்காராது.

பாபின் கேஸுக்கு ஒரு சோதனை. பாபினைப் போட்டு, நூலைத் தகட்டு ஸ்பிரிங்குக்குக் கீழே இழுத்து, நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். கீழே உள்ளங்கை இருக்கட்டும். தானாக வழுக்கி இறங்கக் கூடாது. கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் ஒன்று இரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தடதடவென்று இறங்கினால், திருகைத் தொடும் முன் ஸ்பிரிங்குக்குக் கீழே பாருங்கள். ஒரு கொசு அளவு பஞ்சு இருந்தால் போதும், தகடு தூக்கிக்கொண்டு நூலை விட்டுவிடும். விசிட்டிங் கார்டின் மூலையை அடியில் விட்டுத் தள்ளினால் வெளியே வரும். அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் திருகு, அதுவும் எட்டில் ஒரு பங்கு சுற்று. கீழே வெள்ளைத் துண்டை விரித்துவிட்டுச் செய்யுங்கள். அந்தத் திருகு கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது, தரையில் விழுந்தால் கிடைத்த கதை இல்லை.

போர்வைக்கு நூல் மேலும் கீழும் ஒரே ரகமாக இருந்தால் வேலை சுலபம். பருத்தி நூலென்றால் 40 அல்லது 50ஆம் எண்; பாலியெஸ்டரும் நன்றாகவே ஓடும். பெட்டியடியில் பல வருஷம் கிடந்த நூலை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். பொசுக்கென்று அறுந்தால் அது கையால் பொத்தான் தைக்கத்தான் லாயக்கு. பாலியெஸ்டரை வேகமாகப் பாபினில் சுற்றினால் நீண்டு சுற்றிக்கொள்ளும், தைத்தபின் சுருங்கும், போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். பாபினை நிதானமாக, விளிம்புக்கு ஒரு நூலளவு குறைவாகச் சுற்றுங்கள். விளிம்பில் நெளிவு இருக்கும் பாபினைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். தையல் நீளம் அங்குலத்துக்கு 8 முதல் 10 வரை. கெட்டி அடுக்குக்கு எட்டே சரி.

நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஊசித் துளையின் விளிம்பைச் சோதியுங்கள். பழைய நைலான் காலுறைத் துண்டைத் துளையின் மேல் தேய்த்தால், கீறல் இருக்கும் இடத்தில் இழை மாட்டும். ஊசி இடித்துப் பட்ட காயம் அது. 1000 அல்லது 1200 எண் உப்புத் தாளைச் சன்னமாகச் சுருட்டித் துளைக்குள் தேய்த்தால் சரியாகும். ஷட்டில் முனையில் கீறல் என்றால் மேலோட்டமாக ஒன்றிரண்டு தேய்ப்பு மட்டும், கூர்மை மழுங்கக் கூடாது. ஆழமான காயமா, புது ஷட்டிலே வாங்குங்கள். விலை அதிகமில்லை, மாட்டியபின் எதையும் சரிப்படுத்த வேண்டியதும் இல்லை.

டைமிங்

இதுவரை சொன்னதெல்லாம் செய்தும் தையல் விழவில்லை என்றால்தான் இந்தப் பேச்சு. இந்தத் தலையில் ஷட்டிலை ஆட்டும் தண்டு மேல் தண்டோடு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. பெல்ட்டிலோ பல்சக்கரத்திலோ தாண்டிப் போக வழியில்லை. நகரக்கூடியது ஒன்றே ஒன்று, ஊசித் தண்டின் உயரம். ஊசி எதையாவது கெட்டியாக இடித்திருந்தால், எடுக்க மறந்த குண்டூசியோ ஜீன்ஸ் மடிப்போ, தண்டு அதன் பிடியிலிருந்து மேலே வழுக்கியிருக்கும்.

புதிதாக ஒரு 14ஆம் எண் ஊசி மாட்டி, ஊசித் தட்டையும் பாபின் கேஸையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்தை உங்கள் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் தொட்டு மேலே திரும்பி, 2.4 மில்லிமீட்டர் அளவு ஏறும்போது ஷட்டில் முனை ஊசியின் நேர் பின்னால், ஊசிக் காதின் (நூல் கோர்க்கும் துளையின்) மேல் விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். சில தலைகளில் ஊசித் தண்டில் இரண்டு மெல்லிய கோடு போட்டிருப்பார்கள். மேல் கோடு அடிமட்டத்துக்கு, கீழ்க் கோடு இந்த நேரத்துக்கு. முனைக்கும் ஊசிக்கும் இடைவெளி ஒரு காகிதம் நுழையும் அளவு. முனை காதுக்கு நேராகவோ காதுக்குக் கீழேயோ போனால் தண்டு மேலே ஏறிவிட்டது. முகத் தகட்டைக் கழற்றி, தண்டு இப்போது இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி அரை மில்லிமீட்டர் இறக்கி இறுக்குங்கள். இறக்கும்போது தண்டு சுழன்றுவிடக் கூடாது. ஊசிக் காது இடம் வலமாகவே இருக்க வேண்டும். மறுபடியும் சுற்றிப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரேயடியாக நகர்த்துபவர்கள்தான் கடைசியில் மெக்கானிக்கிடம் போகிறார்கள்.

சக்கரம், பெல்ட், மோட்டார்

தோல் பெல்ட் நாள்பட நீளும். மிதித்தால் கீழ்ச் சக்கரம் சுற்றி, மேலே கெட்டி அடுக்கில் ஊசி நின்றுபோனால் பெல்ட் வழுக்குகிறது. இணைப்புக் கம்பியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டித் துளை போட்டு மறுபடி மாட்டுங்கள். வீணை நரம்பு மாதிரி இறுக்க வேண்டாம், தண்டு தேயும், மிதி கனக்கும்.

பாபின் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்துவோம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியபின், சக்கரம் சுற்றியும் ஊசி அசையவில்லை, அல்லது திருகைத் தளர்த்தியும் ஊசி நிற்கவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். உள்ளே காதுகள் வைத்த வாஷர் ஒன்று இருக்கிறது. அதன் வளைந்த காதுகள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் வாஷரை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். ஏதாவது ஒரு நிலையில் உட்கார்ந்துவிடும்.

சின்ன மோட்டாருக்குப் போர்வை பிடிக்காது. கெட்டி இடத்தில் ஊசி திணறும்போது பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டாரும் பெடலும் சூடேறும். அந்த இடத்தைக் கையால் சக்கரம் சுற்றித் தாண்டிவிடுங்கள். பொறி பறந்து, வேகம் ஏறி இறங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் இரண்டு பக்க மூடியையும் திறந்து பார்த்து ஜோடியாக மாற்றுங்கள். கருகல் வாசனை வந்தால் அன்றைக்குத் தையல் அவ்வளவுதான்.

கடற்கரை ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஊசித் தண்டும் தட்டும் இரண்டு வாரத்தில் துருப் பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணியால் மூடி, இரும்பு தெரியும் இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். தைக்காவிட்டாலும் வாரம் ஒரு முறை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள்.

இழுப்பறையில் 14, 16 ஊசி தலா ஒரு பாக்கெட், மாற்று பாபின் கேஸ் ஒன்று, பத்து பாபின், ரப்பர் வளையம், தூரிகை, இடுக்கி, பெரியதும் சின்னதுமாக இரண்டு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலை நிற்காது. கூடவே ஒன்று: ஒவ்வொரு போர்வை தொடங்கும்போதும் அதே புடவை, அதே பஞ்சு, அதே அடுக்கில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டித் தைத்துப் பாருங்கள். தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்ததும், ஊசி எண், டென்ஷன் எண், தையல் நீளம், ஃபுட் திருகு எத்தனை சுற்றுத் தளர்வு என்று அந்தச் சதுரத்தின் மேலேயே பால்பாயிண்ட் பேனாவால் எழுதி இழுப்பறையில் போட்டு வையுங்கள்.